ஏழாம் எண்ணின் ஐந்து செடிகள்

ஏப்ரல் 6

அன்பும் அதட்டலும் ஒருங்கே அமைந்த அக்காவுக்கு,

இதனால் பதினொரு நாடுகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று காலை ஆறு மணி பத்து நிமிட அளவில், உன் தம்பியின் மேலுதட்டில் மூன்றாவது முடி முளைத்துவிட்டது. விதைத்தவர் யாரென்று தெரியவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை, உரம் போடவில்லை. தானாக வந்தது. அம்மா மட்டும் என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழுக்குடா அது, போய்க் கழுவு" என்றாள். இந்த வீட்டில் விஞ்ஞானத்துக்கு மரியாதை கிடையாது.

மற்றபடி எல்லாரும் சுகம், அப்பாவின் வலது கால் நீங்கலாக. ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் அம்மா "சாப்டியா", மீதி இரண்டு நிமிடம் "என்ன சாப்டே". நடந்தது இதுதான்: ஆராய்ச்சி நிலையத்து பம்பு அறைக்குப் பக்கத்தில் அப்பாவும் சைக்கிளும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். சைக்கிள் எழுந்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வரை மாவுக்கட்டு. இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாதாம்.

அப்பா இருபத்திரண்டு வருடம் பார்த்த செடி கணக்கெடுக்கும் வேலையை இப்போது பார்ப்பது நான். பரீட்சை முடிந்து வீட்டில் பல்லிகளை எண்ணிக்கொண்டிருந்தேன் அல்லவா, நிலையத்து அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கமா சார். அவர் பேச்சில் முற்றுப்புள்ளியே வராது, எல்லாம் கமா.

"தம்பி, நீ, செடியப் பாத்து, பாத்தத மட்டும், எழுதணும்" என்றார். அதற்குள் நான் மூன்று தடவை "சரி சார்" சொல்லிவிட்டேன்.

வேலை சுலபம். பன்னிரண்டு பாத்தி, பன்னிரண்டு வகைச் சோளம். பெயர் கிடையாது, நம்பர் பலகை மட்டும். ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்து செடிக்கு மஞ்சள் சீட்டு கட்டியிருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த ஐந்தின் இலை எவ்வளவு சுருண்டிருக்கிறது என்று பார்த்து மார்க் போட வேண்டும். விரிந்திருந்தால் ஒன்று, பீடி மாதிரி சுருண்டிருந்தால் ஐந்து. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாத்திக்கு ஓர் இலையைத் தாளில் ஒட்டி, நீ வேலை பார்க்கும் வெளிநாட்டு விதை ஆராய்ச்சி மையத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அந்த உறையில்தான் இந்தக் கடிதமும் ஏறி வருகிறது. தபால் செலவு நிலையத்துடையது, பாசம் என்னுடையது.

அப்பாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும் வேலை. நான் நாற்பது நிமிடத்தில் முடிக்கிறேன். திறமை!

இப்படிக்கு,
பன்னிரண்டு பாத்திகளின் தற்காலிக மன்னன்,
வாலு


ஏப்ரல் 18

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன். அப்பா ராத்திரி வலிக்கிறது என்று சொல்கிறாரா, சொல்லாமல் இருக்கிறாரா என்று பார்த்து எழுது. அவர் சொல்ல மாட்டார்.

என் மேஜை மூன்றாம் மாடியில், ஜன்னல் ஓரம். காலையில் மூடுபனி உள்ளே வந்து தாள்களின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. எதிர்ச் சுவரில் ஒரு உலகப் படம், அதில் பதினொரு குண்டூசி, ஒவ்வொன்றிலிருந்தும் என் மேஜைக்கு ஒரு கம்பளி நூல். நான்தான் கட்டினேன். மேலாளர் சிரித்தார், அவிழ்க்கச் சொல்லவில்லை. உங்கள் பன்னிரண்டு விதைதான் பதினொரு நாட்டிலும் முளைத்திருக்கிறது. எல்லாருடைய தாளும் இங்கே வரும். நான் அவற்றை ஒரே தாளாக்கிப் பதினொரு பேருக்கும் திருப்பி அனுப்புவேன். யாரும் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் ஒருவர் கண்டது எல்லாருக்கும் சொந்தம்.

சில நேரம் வேலையை விட்டுவிட்டு ஒன்று நினைப்பேன். எல்லாரும் அவரவர் ஊர் இரண்டு மணிக்குப் பார்க்கிறார்கள். ஓர் ஊரில் இரண்டு மணி முடிந்தால் அடுத்த ஊரில் இரண்டு மணி வருகிறது. பூமி சுற்றச் சுற்ற, யாரோ ஒருவர் குனிந்து ஓர் இலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இருபதாம் தேதியிலிருந்து பாத்திகளுக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகுதான் உண்மையான சோதனை. நான்குக்கு மேல் மார்க் போன எண் இந்த வருடத்தோடு பட்டியலிலிருந்து விழும். எல்லா எண்ணையும் ஒரே மாதிரி பார். ஏழையும்.

நாற்பது நிமிடம் வேண்டாம், ஒரு மணி நேரமே எடுத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

பி.கு. முகத்தைக் கழுவு.


மே 2

மதிப்புக்குரிய நூல்காரிக்கு (கம்பளி நூல்),

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே அப்பா ராத்திரி "வலிக்கல" என்று அவராகவே மூன்று தடவை சொல்கிறார். யாரும் கேட்காமலே சொல்வதால் வலிக்கிறது என்று முடிவு செய்திருக்கிறேன். அம்மா சுகம். அம்மாவின் குரல் அதைவிடச் சுகம்.

தண்ணீர் நின்று பன்னிரண்டு நாள். மண் பிஸ்கட் மாதிரி விரிசல் விடுகிறது. மத்தியானம் போனால் பன்னிரண்டு பாத்தியும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. இலையெல்லாம் சுருண்டு, பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. காலை ஆறு மணிக்குப் போனால் அதே இலைகள் மெல்ல விரிந்திருக்கின்றன. அந்த நேரத்தில் வெளிச்சம் பால் மாதிரி இருக்கிறது. நான் நடக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்பதில்லை. நேற்று அப்படி நிற்கும்போது, உன் கம்பளி நூல் ஒன்று வானத்திலிருந்து இறங்கி ஏழாம் நம்பர் பலகையில் முடிந்திருக்கிறது என்று தோன்றியது. நின்றுகொண்டே தூங்கிவிட்டேன் போல. கொசு எழுப்பியது.

சரி, கேள். "ஏழையும்" என்று ஏன் தனியாக எழுதினாய்? ஏழைக்கு இரங்கும் குணமா? சாப்பாட்டு நேரத்தில் சும்மா கேட்டேன். அம்மா உடைத்துவிட்டாள். நீ காலேஜ் படிக்கும்போது பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் காய்ந்த பள்ளத்தில் ஒற்றைக் கதிர் நின்றதாம். அதைப் பறித்து மாத்திரை டப்பாவில் போட்டு, என்னைத் தொட விடாமல் பீரோவில் பூட்டினாயே, ஒவ்வொரு மணியிலும் கறுப்புப் பொட்டு வைத்த சோளம். அதுதான் ஏழாமே! பூமி முழுக்க உன் டப்பாவைத்தான் குனிந்து பார்க்கிறார்கள் என்று நீ ஏன் சொல்லவில்லை?

வருத்தமான செய்தி: ஏழு நேற்று நான்கு. இன்று நாலரை போட இடம் இருந்தால் போட்டிருப்பேன்.

ஆனால் கவலைப்படாதே. களத்தில் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏழைப் பங்காளன்


மே 13

அன்புள்ள தம்பி,

சுகம். லேசான ஜலதோஷம், அம்மாவிடம் சொல்லாதே, போனில் பத்து நிமிடமும் அதற்கே போய்விடும்.

அம்மா சொன்னதை மறந்துவிடு. யாருடைய விதை என்பது தாளில் இல்லை. இருக்கக் கூடாது என்றுதான் எண் போடுகிறோம். விழுந்தால் விழட்டும். பன்னிரண்டில் ஒன்று. அவ்வளவுதான்.

இன்று வேறு ஒன்று நடந்தது. இங்கிருந்து இரண்டு நாள் பயணத்தில் உள்ள ஒரு மலையடிவாரத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். தலையைவிடப் பெரிய ஓலைத் தொப்பி. கதவில் இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். நாற்பது குடும்பத்துக்கு இவர்தான் விதை வாங்கித் தருகிறவர். இரண்டு வருடமாக அவர்கள் நிலத்தில் கதிர் பால் பிடிக்கும் முன்பே காய்ந்துபோகிறது. மடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு, அவிழ்த்தால் மண். சோதித்துப் பார்த்தோம். மண்ணும் மழைக் கணக்கும் அச்சு அசலாக உங்கள் நிலையத்துடையதேதான். பதினொரு இடத்தில் அவர்களுக்கு உடன்பிறந்த நிலம் உங்களுடையது மட்டும்.

அதனால் தொப்பி அம்மா மற்ற பத்துத் தாளைப் பார்க்கவில்லை. உங்கள் வரிசையில் விரலை வைத்துக்கொண்டு, "இந்தப் பையன் எதைச் சொல்றானோ அதையே விதைக்கிறோம்" என்றார், மொழிபெயர்ப்பாளர் மூலமாக. ஜூலை இருபது மறுபடி வருவார். இந்த முறையும் பொய்த்தால் நிலத்தை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று சொல்லும்போதுகூடச் சிரித்தார்.

பார்த்ததை எழுது, போதும்.

அக்கா


மே 25

உலகப் புகழ்பெற்ற பையனின் அக்காவுக்கு,

ஜலதோஷம் போயிற்றா? நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு உனக்குக் கஷாய வகுப்பு உண்டு.

உட்கார்ந்துகொண்டு படி. ஏழு இப்போது இரண்டு! தாளில் பார். மே மூன்றிலிருந்து இறங்க ஆரம்பித்தது: நான்கு, மூன்று, மூன்று, இரண்டு. சுற்றிலும் எல்லாரும் பாயைச் சுருட்டியிருக்க, மஞ்சள் சீட்டு கட்டிய ஐந்து பேரும் விசிறி மாதிரி இலையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். கமா சார் வரப்பில் நின்று பார்த்தார். "பரவால்ல, ஏழு, என்னவோ, பண்ணுது" என்றார்.

என்ன பண்ணுகிறது? எனக்குத் தெரியும். என் பார்வை. விடிகாலையில் போய் ஐந்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறேன். பெயர் வைத்துவிட்டேன்: பெரியவன், சப்பை, நெட்டை, ஊமை, கடைக்குட்டி. இப்படி ஒரு கணக்கெடுப்பாளர் இந்த நிலையத்துக்கு வாய்த்ததில்லை. அப்பாவிடமும் சொன்னேன். அவர் மாவுக்கட்டுக்குள் பென்சிலை விட்டுச் சொறிந்துகொண்டே, "பேசினா இலை விரியுமா? உங்கம்மா பேச்சுக்கு நான் காடாயிருக்கணும்" என்றார்.

தொப்பி அம்மாவிடம் சொல், பையன் ஏழு என்கிறான் என்று.

இப்படிக்கு,
இலை விரிக்கும் வித்தகன்


ஜூன் 5

அன்புள்ள வித்தகனுக்கு,

கஷாயம் இல்லாமலே குணமாகிவிட்டேன்.

உன் தாள் வந்த அன்று நான் மாடிப்படியில் இறங்கி, தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எதற்கு இறங்கினேன் என்று தெரியாமல் மறுபடி ஏறிவந்தேன். அது மட்டும் எழுதுகிறேன். தரைத்தளத்தில் விதைகளைக் குளிரில் வைக்கும் அறை இருக்கிறது. கதவில் காதை வைத்தால் உள்ளே ஒரு ரீங்காரம். இயந்திரம்தான். எனக்கு மட்டும் ஆயிரக்கணக்கான விதைகள் தூங்கும் மூச்சாகக் கேட்கும். அன்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொப்பி அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டோம். ஏழில் எத்தனை மூட்டை தர முடியும் என்று கேட்டிருக்கிறார்.

மற்ற பத்து நிலையத்திலும் ஏழு நான்கைத் தாண்டிவிட்டது.

ஒரு சின்ன விவரம் வேண்டும். ஏழாம் பாத்தியில் சீட்டு கட்டாத செடிகள் எப்படி இருக்கின்றன?

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்கா,

நலம்தானே? இங்கே மாவுக்கட்டு பிரித்தாயிற்று. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, கமா சார் சொல்லிவைத்ததால் மத்தியானம் ஒரு மணி நேரம் என்னை விடுகிறார்கள். அப்பா கைத்தடியோடு வாசல் வரை நடக்கிறார். உள்ளேயிருந்த கால் வெளுத்து, வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. வாடகைக்கு எடுத்ததா என்று கேட்டேன். தடி தலைக்கு வந்தது.

கதிர் வந்துவிட்டது. பெரியவனின் கதிர் என் முஷ்டி அளவு. நேற்று ஒரு கனவு. பதினொரு நாட்டு ஏழாம் நம்பர்களும் ஒரு பெரிய மைதானத்தில் சந்திக்கின்றன. மற்றவையெல்லாம் ஒல்லி ஒல்லியாக, ஒன்றையொன்று அடையாளம் கண்டு தோளில் கை போட்டுக்கொள்கின்றன. நம்முடைய ஐந்து மட்டும் கொழுகொழுவென்று ஓரமாக நிற்கின்றன. "நீங்க எந்த ஊர்?" என்று ஒன்று கேட்டது. பெரியவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். விழித்துவிட்டேன்.

தாள், இலை எல்லாம் உள்ளே.

வாலு


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். அப்பாவை அதிகம் நடக்க விடாதே.

இலைகள் வந்தன. பதினொரு ஏழையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பத்து இலை ஒடுங்கி, நரம்பு புடைத்து, தொட்டால் காகிதம் மாதிரி. உங்களுடையது அகலமாக, மெத்தென்று இருக்கிறது. அழகான இலை.

நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. அவசரத்தில் விட்டிருப்பாய்.

உங்கள் ஊருக்கான கட்டத்தைக் கூட்டுத்தாளில் இன்னும் நிரப்பவில்லை. அடுத்த உறை வரட்டும்.

அக்கா


ஜூலை 7

தம்பி,

உறை வந்தது. பிரித்து உதறிப் பார்த்தேன். தாளும் இலையும்தான். உன் கடிதம் இல்லை.

உடம்பு சரியில்லையா? நான்கு ஞாயிறாக போனில் கேட்டால் அம்மா, "குளிச்சிட்டிருக்கான்" என்கிறாள். நான்கு வாரமாக ஒருவன் குளித்தால் தோல் என்ன ஆவது?

இருபதாம் தேதி தொப்பி அம்மா வருகிறார். மூன்றாம் எண் எல்லா இடத்திலும் சுமாராக, ஒரே மாதிரி இருக்கிறது. பெரிய விளைச்சல் இல்லை, ஆனால் ஏமாற்றாது. அவர் ஏழைத்தான் கேட்பார். நீ சொன்னாய் என்று.

உன்மேல் கோபமில்லை. எதுவானாலும் எழுது.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக இதைப் படித்த பிறகு.

நான் தண்ணீர் ஊற்றினேன்.

மே மூன்றாம் தேதி விடிகாலையில் போனேன். நாலரை மார்க்கில் ஐந்தும் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. உன் மாத்திரை டப்பா ஞாபகம் வந்தது. கையில் நான் குடிக்க வைத்திருந்த பாட்டில் இருந்தது. முதல் நாள் ஆளுக்கு ஒரு வாய். மறுநாள் பம்பு அறையில் நிரப்பிய இரண்டு பெரிய பாட்டில். சீட்டு கட்டிய ஐந்துக்கு மட்டும். உன் கேள்வி வந்த ஜூன் பதினைந்தோடு நிறுத்தினேன். கட்டாத செடிகள் எப்படி என்று கேட்டாய். மே மாதமே ஐந்து மார்க். அவற்றின் கதிர் என் கட்டைவிரல் அளவுதான். அவற்றின் பக்கம் திரும்பாமலே நடந்து பழகிவிட்டேன்.

நீ பட்டியலிலிருந்து விழக் கூடாது என்று செய்தேன். அப்புறம் தொப்பி அம்மா என் வரிசையில் விரலை வைத்தார். அதற்கு மேல் தண்ணீர் ஊற்றவும் பயம், நிறுத்தவும் பயம். நாற்பது வீட்டுச் சோளத்துக்கு நான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போக முடியாது என்று எனக்கே தெரியும். இருந்தும் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை. நீ கோபமில்லை என்று எழுதினாயே, அதைப் படித்ததும்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் இன்னும் ஒரு வாரம் குளித்திருப்பேன்.

இன்று காலை அப்பாவை மெதுவாக நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். ஏழின் முன்னால் நிறுத்தினேன். ஐந்து முஷ்டி, மற்றதெல்லாம் கட்டைவிரல். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எத்தனை நாளுடா?"

"நாப்பத்து நாலு."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஆமாப்பா."

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் ஒழுங்கா எழுந்திருச்சிருக்கியா நீ?" என்றார். பிறகு மஞ்சள் சீட்டைத் தொட்டு, "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு செடி சாகறதப் பாத்துக்கிட்டு சும்மா நிக்கறதுதாண்டா கஷ்டமான வேலை. அத உனக்குச் சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

பிறகு கமா சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். "எந்தெந்த நாள், எவ்வளவு, தெரியுமா?" என்றார். தெரியும். தினமும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன், ஏன் என்று தெரியாது. "அப்ப, அதையும், அனுப்பு" என்றார். அவசரத்துக்கென்று பூட்டி வைத்திருக்கும் கணினியைத் திறந்து, எங்கள் ஏழாம் வரிசையைச் சிவப்பில் அடித்து, "இச்செடிகளுக்கு நீர் ஊற்றப்பட்டது, கணக்கில் கொள்ள வேண்டாம்" என்று உங்கள் மையத்துக்கு அனுப்பினார். அதில் கமாவே இல்லை. அந்தத் தாள் பதினொரு நாட்டுக்கும் போகும் என்று தெரியும். போகட்டும். மூன்றாம் எண்ணை மட்டும் மறுபடி போய், ஒரு மணி நேரம் குனிந்து பார்த்தேன், கட்டியது கட்டாதது எல்லாவற்றையும். அதன் மார்க்கும் உண்மையாகவே மூன்று. இருபதாம் தேதிக்குள் உனக்குக் கிடைக்க இந்தக் கடிதமும் அதே கணினியில்தான் வருகிறது. தொப்பி அம்மாவிடம் சொல், பையன் மூன்று என்கிறான். இது பார்த்தது.

உன் டப்பா விதை இந்த வருடம் விழுந்துவிட்டது. விழ வேண்டியதை நான் தூக்கிப் பிடித்தேன். பெரியவன் கதிரிலிருந்து ஒரு பிடி எடுத்து உன் பழைய டப்பாவிலேயே போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். எண் போடவில்லை. சாவி அம்மாவிடம்.

கணக்கைச் சரிசெய்யும்போது எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவோம். ஏப்ரல் ஆறாம் தேதி மூன்றாவது முடி என்று எழுதியிருந்தேன் அல்லவா. அது பேனா மை. முதல் இரண்டும் முடிதானா என்று இன்று அப்பாவின் சவரக் கண்ணாடியில் ஒரு மணி நேரம் பார்த்தேன். அந்த வரிசையையும் சிவப்பில் அடித்துவிடு.

உன் தம்பி